தங்கைக்கு நான் கொடுத்த மேட்டு வளவு

என் தங்கையை நான் ஏமாற்றினேன். உயர் அழுத்த மின்கம்பி மேலே போகப் போகிறது என்று தெரிந்துகொண்டே என் மேட்டு வளவை அவளுக்குக் கொடுத்து, வாவிக்கரையிலிருந்த அவளுடைய வளவை என் மகளுக்காக எடுத்துக்கொண்டேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் இதை வாயால் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அங்கங்கே என்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டது பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வந்தாறுமூலைக்கு மேற்கே, வாவியின் வடக்கு நுனி சதுப்பாகி வயலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. இங்கே வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாய் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவாள், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று எழுப்பிக் கொடுப்பாள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அங்கே குடிவருவான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. எங்கள் பெற்றோர் எனக்குப் படிப்பைத் தந்தார்கள், தங்கைக்கு வாவிக்கரை வளவைத் தந்தார்கள். நான் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வரும். தங்கையின் புருஷன் யுத்த காலத்தில் விறகுக்குக் காட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. ஒரே மகளோடு அவள் வாவிக்கரையில் இருந்தாள். மாரி வெள்ளம் அவளுடைய மண்வீட்டைக் கரைத்துவிட்டது. தகரக் கொட்டிலில் காலம் போனது.

எனக்கு இரண்டு பெண்கள். என் மனைவியின் வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது. இளையவளுக்கென்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து மேட்டு வளவை வாங்கிப் போட்டிருந்தேன். வெள்ளம் எட்டாத நிலம். காய்க்கும் தென்னைகள், நடுவில் ஒரு பெரிய பலா.

ஒரு நாள் காலையில் காணி அளக்கும் சேவையர்மார் முக்காலிக் கருவியோடு அந்த வளவுக்குள் வந்தார்கள். சிங்களம் பேசுகிற கிழவனைக் கண்டதும் அவர்களுக்குச் சந்தோஷம். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவர்களில் இளையவன் குடித்துவிட்டு, வானத்தில் கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். பெரிய கம்பி இந்த வழியாகத்தான் வருகிறது, ஐயா. கம்பிக்குக் கீழேயும் இரண்டு பக்கத்திலும் வீடு கட்ட முடியாது, உயர்ந்த மரம் வைக்க முடியாது. நெல்லோ கச்சான் கடலையோ போடலாம். வேலை தொடங்க இன்னும் காலமிருக்கிறது, ஆனால் காணிக்காரருக்குச் சொல்வது எங்கள் கடமை என்றான். பலாவுக்குப் பக்கத்தில் சிவப்புத் தலை வைத்த ஒரு மரக்கட்டையை அடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் கட்டையைப் பிடுங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். ஊரார் கேட்டதற்கு, ரோட்டுப் போட அளந்தார்கள் என்றேன்.

மனைவிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப சின்னவள்ட வீடு?"

"தங்கச்சிட வளவை மாத்தி எடுப்பம். கிறவல் மண் போட்டு உயர்த்தினா வெள்ளம் ஏறாது. அவளால ஏலாது, எங்களால ஏலும்."

கத்தி நின்றது. "மச்சிக்குக் கம்பி வாறது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவும் படாது," என்று சொல்லிவிட்டு மீனின் தலையை வெட்டினாள். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த ஆலோசனை அவ்வளவுதான்.

மறுநாள் தங்கையின் கொட்டிலுக்குப் போனேன். முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு அவளுடைய மகள் அப்போதுதான் வந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் தங்கை என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"பகிடி விடாதீங்க அண்ணன். மேட்டு வளவைத் தந்துபோட்டு இந்தச் சேத்தையா எடுக்கப் போறீங்க?"

"உன்ட மகளுக்கு வயசு போகுது. வெள்ளத்துக்க எங்க கொண்டுபோய் அத்திவாரம் போடுவாய்?"

"வீட்டில மச்சி சம்மதிச்சவவா?"

"அவதான் சொன்னவ."

தங்கை மகளின் பக்கம் திரும்பினாள். "கேட்டியாகா? கச்சேரியில இரிந்த மனிசன் கணக்கை மறந்துபோயிட்டார். நல்லதுதான். மறந்திரிக்கக்குள்ளயே மாமாட காலில விழு."

"விழுந்து எழும்புறத்துக்குள்ள நினைவு வந்து திருப்பிக் கேட்டிட்டாரெண்டா?" என்றாள் மகள்.

மூன்று பேரும் சிரித்தோம். அவர்களைவிட நான் கூடச் சிரித்தேன். பிறகு அந்தப் பிள்ளை உண்மையாகவே என் காலில் விழுந்தாள். நான் அவளுடைய தலையில் கை வைத்தேன்.

நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதிப் பத்திரங்களை மாற்றி எழுதினோம். அன்றிலிருந்து கண்டவர்களிடமெல்லாம் தங்கை ஒன்றையே சொல்லத் தொடங்கினாள். "இது என்ட அண்ணன் தந்த வளவு." கோயிலில் சொன்னாள். கூப்பன் கடையில் சொன்னாள். ஊருக்குள் என் மதிப்பு ஏறியது. சகோதரிகள் என்னைக் காட்டிக் காணி கேட்டதால் சில ஆண்கள் என்னைத் திட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

தாயும் மகளும் வீட்டைத் தொடங்கினார்கள். மேசனுக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் சீமெந்துக் கல்லைத் தாங்களே அரிந்தார்கள். மகள் விடிய எழும்பி மணல் குழைத்து, அச்சில் அடித்து, கல்லை வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முன்பள்ளிக்கு ஓடுவாள். நான் சில நாள்களில் போய் பலாவின் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து, சீமெந்து காணாது, இன்னும் கொஞ்சம் சேர் என்று சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் கட்டினால் தப்பும் என்று எனக்குத் தெரியும். வளவின் கிழக்கு மூலையில் ஒரு ஒடுங்கிய துண்டு கம்பிக்கு வெளியே நின்றது. அதையாவது காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் ஏன் என்று கேட்பாள். அத்திவாரம் பலாவுக்குப் பக்கத்தில் எழுந்தது.

வாழைச்சேனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கம்பசில் ஆய்வுகூடத்தில் வேலை. அவனுடைய தாய் வந்து வளவைச் சுற்றி நடந்தாள், அத்திவாரத்தை மிதித்துப் பார்த்தாள், தென்னைகளை அண்ணாந்து பார்த்தாள். "கூரை ஏறட்டும். நாள் பாப்பம்," என்றாள். இரண்டு பிள்ளைகளும் போனில் பேசத் தொடங்கினார்கள்.

சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்த நேரத்தில் இஞ்சினியர் வந்தார். நடுத்தர வயது, மரியாதையான சிங்களவர். தங்கை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணன், நீங்கதான் எனக்காகக் கதைக்கணும்."

நான் கதைத்தேன். அங்கே நடந்ததை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

இஞ்சினியர் சுவரைப் பார்த்துக் கவலைப்பட்டார். அளந்த நாளிலேயே காணிக்காரரிடம் சொல்லியிருக்கிறார்களே, இந்த அம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியாது, காணி பிறகு கைமாறியது என்றேன். அவர் யோசித்தார். அப்படியென்றால் ஒரு வழி இருக்கிறது, பழைய காணிக்காரர் தனக்குத் தெரிந்ததை மறைத்துத்தான் கைமாற்றினார் என்று அவரே வந்து சொல்ல வேண்டும், இந்த அம்மா அறியாமல்தான் கட்டினார் என்பது அப்போது நிற்கும், கம்பியைத் தாங்கும் கோபுரத்துக்கு இன்னும் குழி வெட்டவில்லை, பக்கத்தில் வெறும் பற்றைக் காணிதான், கொஞ்சம் ஒதுக்கித் தரும்படி மேலிடத்தில் நான் கேட்பேன், இதற்கு முன்னும் ஒரு வீட்டுக்காக ஒதுக்கியிருக்கிறோம் என்றார்.

"என்னவாம் அண்ணன்?" என்று தங்கை கேட்டாள்.

"ஒண்டும் செய்ய ஏலாதாம். சட்டமாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவர். நல்லாக் கேளுங்க அண்ணன். பொம்புளப் புள்ளட வீடெண்டு சொல்லுங்க. தகப்பன் இல்லாத புள்ளையெண்டு சொல்லுங்க."

நான் இஞ்சினியரிடம் திரும்பினேன். பழைய காணிக்காரர் செத்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். பாவம் என்றார். அந்தத் தொனியை வைத்துத் தங்கை அவரை நல்ல மனிதர் என்று முடிவு செய்து, கையெடுத்துக் கும்பிட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தாள். போகும்போது அவர் கூட வந்த ஆளிடம், இடிக்க வேண்டிய சுவர் என்பதற்கு அடையாளமாக, அதன் மேல் சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு போடச் சொன்னார்.

"உங்களுக்குக் கரைச்சல் தந்திட்டன் அண்ணன்," என்றாள் தங்கை.

பிறகு மிசின் வாளோடு ஆள்கள் வந்தார்கள். தென்னைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தென்னை விழுந்தால் எங்கள் பக்கத்தில் குருத்துக்கு ஊரே வரும். அன்றும் வந்தார்கள், பாத்திரங்களோடு, சிரித்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அழுகிற வீட்டில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தங்கை மறுக்கவில்லை. தானே கத்தியை எடுத்து ஒவ்வொரு மரத்தின் கொண்டையையும் பிளந்து, வெள்ளைக் குருத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். "அண்ணனுக்கு முதல் குடுங்க. அவர் தந்த மரம்." நான் தின்றேன். இனிப்பாக இருந்தது. மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுபோனேன். மனைவி சம்பல் போட்டாள். அதையும் தின்றேன்.

பலாவை வாங்க ஓட்டமாவடியிலிருந்து மர வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அவர் மட்டும் குருத்தைத் தொடவில்லை. மரத்தை அரிந்து ஏற்றும்போது ஒரு பலகையை இறக்கி வைத்தார். "ராத்தா, இத வெச்சிக்கங்க. புள்ளட வீட்டுக் கதவுக்கு ஆகும்." சுவரே போகப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கோபுரங்கள் ஊரின் வட்டை வயல்களுக்குள்ளும் இறங்கின. மண் வெட்டும் பெக்கோ மிசின் போக வரம்புகளை வெட்டிப் பாதை போட்டார்கள். வாய்க்கால் ஒன்று மண்ணால் மூடுண்டு கீழ்வயல்கள் அந்தப் போகம் காய்ந்தன. கோபுரக் காலைச் சுற்றி நெல் வெட்டும் மிசினைத் திருப்ப முடியாமல் இன்றைக்கும் சிலர் அந்தத் துண்டைக் கையால்தான் வெட்டுகிறார்கள். அதெல்லாம் என்னால் வந்ததில்லை. கம்பி எப்படியும் வந்திருக்கும். தங்கையின் தலைக்கு மேலே வந்தது மட்டும் என்னால்.

வாழைச்சேனைக்காரி மறுபடியும் வந்தாள். கம்பியை அண்ணாந்து பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரத்தில் கம்பி சட்டியில் எண்ணெய் காய்வது போலச் சத்தம் போடும்.

"இதுக்குக் கீழயா என்ட மகனைப் படுக்கச் சொல்றீங்க?"

"அந்த மூலையில ஒரு துண்டு இரிக்கு," என்றாள் தங்கை. "அதில சின்னதா ஒண்டு..."

"அது கோழிக்கூடு வைக்கத்தான் காணும். கோழிக்கு மாப்பிள்ளை எடுக்கிறதெண்டா சொல்லுங்க, என்ட வீட்டில ஒரு சேவல் நிக்குது."

இதை மகளின் முன்னால் சொன்னாள். மகள் உள்ளே போகவில்லை. நின்று முழுவதையும் கேட்டாள். வந்தவளைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தாள். அந்தப் பொடியன் சில நாள் போன் எடுத்தான். பிறகு எடுக்கவில்லை. அடுத்த வருஷம் அவனுக்குச் செங்கலடியில் வீட்டோடு பெண் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. மகள் முன்பள்ளியை விட்டுவிட்டு, எங்கேயாவது ஒரு வளவு வாங்கும்வரை உழைப்பதாகச் சொல்லிக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். புறப்பட்ட அன்று என்னிடம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டாள்.

தங்கை அந்த மூலைத் துண்டில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டாள். கம்பிக்குக் கீழே கச்சான் நட்டாள், ஆடு வளர்த்தாள். என் இளைய மகளுக்கு வாவிக்கரையில் வீடு முடிந்து கல்யாணம் நடந்தபோது, மாமி முறைக்குத் தட்டம் ஏந்தி முன்னால் நடந்தவள் தங்கைதான். தட்டத்திலிருந்த தேங்காயைக் கடையில் வாங்கியிருந்தாள்.

என் மனைவி செத்த பிறகு நான் இளைய மகளோடு இருந்தேன். ஒரு நாள் பகலில் தங்கை அந்த வீட்டுக்கு வந்தாள். கறிக்கு ஒரு தேங்காய் வேண்டும் என்றாள். வாவிப் பக்கம் நின்ற தென்னை அவள் புதுப்பெண்ணாக இருந்தபோது நட்டது.

"மரத்தில கைவைக்க ஏலாது மாமி, வியாபாரிக்குச் சொல்லியாச்சு," என்றாள் என் மகள். "கீழ விழுந்தது கிடந்தா எடுத்துக்கங்க."

தங்கை குனிந்து புல்லுக்குள் தேடினாள். ஒன்று அகப்பட்டது. காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டு சிரித்து, மடியில் கட்டிக்கொண்டு போனாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

முதலில் நகரத்திலிருந்த மின்சார அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒரு இளம் அதிகாரியிடம் சொன்னேன். அவன் தேநீர் வருவித்தான். "ஐயா, கறண்ட் ஓடுற கம்பியை இனி ஆர் வந்து சொன்னாலும் மாத்த ஏலாது. அண்டைக்குச் சொல்லியிரிக்கணும்," என்றான். பிறகு இளைய மகளிடம் வந்து அதையே சொன்னேன். வாவிக்கரை வளவைத் திருப்பிக் கொடுப்போம், உங்களுக்கு வேறு இடம் பார்ப்போம் என்றேன்.

"எந்த இடம் அப்பா? உங்கட பேரில என்ன இரிக்கு?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த ஆண் வெறுங்கையோடு இருப்பான். கொடுத்ததைக் கேட்கும் உரிமையும் அவனுக்கு இல்லை.

மகளுக்குத் தெரிந்த பிறகுதான் தங்கையிடம் போனேன். இந்த வரிசைகூடப் பிழைதான். அவள் கம்பிக்குக் கீழே கச்சானுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சேவையர்மார் வந்தது, கட்டையை எரித்தது, மனைவியோடு பேசியது. அவள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் நிமிர்ந்தாள்.

"மறுகா அந்த இஞ்சினியர் வந்தவரே. அவர் என்ன சொன்னவர்? இப்ப திருப்பிச் சொல்லுங்க. ஒண்டும் விடாம."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் சொன்னேன். ஒதுக்க முடியும் என்று சொன்னதையும் சொன்னேன்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"பழைய காணிக்காரர் செத்துப்போயிட்டார் எண்டு சொன்னன்."

அவள் கையிலிருந்த களையின் மண்ணை உதறினாள். "அப்ப ஆரு இது நிக்கிற?" என்றாள். பிறகு குனிந்து அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஊருக்குள் கதை பரவியது. எல்லாம் தெரிந்த பிறகும் மகள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மருமகன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "எங்களை ஊருக்கு முன்னால கள்ளராக்கிட்டீங்க மாமா. இந்த வளவு பிழையெண்டா, பிழையில்லாத இடமாப் பாத்துப் போய் இரிங்க." மகள் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.  உடுப்புப் பையை எடுத்துக்கொண்டேன். கல்யாணமான அன்று என் மனைவியின் வீட்டுக்குப் போனபோதும் ஒரு பைதான் என்னிடம் இருந்தது.

மூத்தவளின் படலை பூட்டியிருந்தது. தங்கையின் கொட்டிலுக்கு வந்தேன். படலையில் நின்ற என்னை அவள் உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உடைத்த சுவரில் மிஞ்சிய சீமெந்துக் கற்களை அடுக்கி, அதன் மேல் அந்தப் பலாப் பலகையைப் போட்டாள். அதில்தான் படுக்கிறேன்.

அவள் என்னோடு பேசுவது குறைவு. என்னைப் பற்றிப் பேசுவாள். ஓட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டுவருகிறவன் ஒரு நாள் என்னைக் காட்டி, "ஆரு ஆச்சி இது?" என்று கேட்டான்.

"பழைய காணிக்காரர். செத்துப்போனவர்," என்றாள். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

குவைத்திலிருந்த மகளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.  போனுக்குள் அந்த வீட்டுக்கார அம்மா யாரையோ அரபியில் அதட்டுவது கேட்டது. பிறகு அந்தப் பிள்ளையின் குரல் வந்தது. அழவில்லை. "அம்மா, மாமாவைச் சாக விட்டிராதீங்க. லீவு கிடைச்சதும் வாறன். முகத்தைப் பாத்து எனக்கு அவரிட்ட கேக்கணும்."

அன்றிலிருந்து தங்கை என்னை நன்றாகக் கவனிக்கிறாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. மருந்துக் குளிசையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்பாள். நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. கம்பி தலைக்கு மேலே பொரிந்துகொண்டிருந்தது. முகம் கழுவிவிட்டு, கம்பிக்குக் கீழே போட்டிருந்த ஆட்டு முள்வேலியைப் பிடித்து எழும்பப் போனேன்.

"அதை ஈரக்கையால தொடாதீங்க அண்ணன், மேல்கம்பியால கறண்ட் அடிக்கும்," என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். ஓடி வந்து என் கையைத் தன் சேலையால் துடைத்தாள். "அவள் வரும்வரைக்கும் நீங்க இரிக்கணும்."